மனத்துக்கு ஏற்ற சூழல்: ஆலையிலும் முதுமையிலும்

ஆலைப் புகையையும் கழிவுநீரையும் கட்டுக்குள் வைப்பது பொறியாளரின் வேலை என்றும், முதுமையில் நினைவு மங்காமல் காப்பது மருத்துவரின் வேலை என்றும் இரண்டையும் தனித்தனியே பார்ப்பதே வழக்கம். ஆயினும் கடந்த அரை நூற்றாண்டில் இவ்விரு துறைகளிலும் நடந்த ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, இரண்டும் ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன என்பது புலப்படும்: மனித மனத்தின் கவனிக்கும் ஆற்றலுக்கும் நினைவில் நிறுத்தும் ஆற்றலுக்கும் எல்லை உண்டென்றால், அந்த எல்லைக்குள் நின்றபடியே மனிதர் தவறின்றி இயங்குவதற்கு அவரைச் சுற்றி எதை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. புலன்களின் வழியே வரும் செய்தியைக் கவனித்தல், அதற்குப் பொருள் காணுதல், நினைவில் வைத்தல், முன்னறிந்தவற்றோடு ஒப்பிட்டு முடிவெடுத்தல் ஆகிய செயல்கள் அனைத்தையும் சேர்த்து 'அறிதிறன்' என்று உளவியலார் குறிப்பிடுகின்றனர். ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் இளைஞருக்கும், மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்று யோசிக்கும் எழுபது வயது மூதாட்டிக்கும் இந்த அறிதிறன்தான் துணை. அது இருவரிடத்திலும் அளவுக்குட்பட்டதே.

அந்த அளவு எவ்வளவு என்பதை முதலில் கறாராக அளக்க முயன்றவர்களுள் நார்மன் மேக்வர்த் என்னும் பிரிட்டிஷ் உளவியலார் ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் திரையை உற்றுநோக்கிக்கொண்டிருந்த வீரர்கள், நேரம் செல்லச் செல்லப் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தவறவிட்டது ஏன் என்ற கேள்வியிலிருந்து அவருடைய ஆய்வு பிறந்தது. சிறு சிறு தாவல்களாக நகரும் முள்ளொன்றைக் கொண்ட கடிகாரம் போன்ற கருவியை அவர் அமைத்து, அந்த முள் எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவலாகத் தாவும்போது அதைக் கண்டு பொத்தானை அழுத்துமாறு பங்கேற்றவர்களைப் பணித்தார். நல்ல உடல்நலமும் அக்கறையும் கொண்ட இளைஞர்களே ஆயினும், முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே அவர்களின் கண்டறியும் திறன் தெளிவாகச் சரிந்தது. 1948இல் வெளியான இந்த முடிவு சோம்பலைப் பற்றியதன்று. அரிதாக நிகழும் ஒன்றுக்காகத் தொடர்ந்து காத்திருப்பது மனித மனத்தின் இயல்புக்கே ஒவ்வாத வேலை என்பதைக் காட்டியது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க உளவியலார் ஜார்ஜ் மில்லர், ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக்கூடிய தனிச்செய்திகள் ஏறத்தாழ ஏழு மட்டுமே என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை நான்கு வரை குறைத்துவிட்டனர்.

இந்த இரு கண்டுபிடிப்புகளும் ஆலைகளை எட்டுவதற்கு ஒரு பெரும் விபத்து தேவைப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், 1979 மார்ச் 28 அன்று விடியற்காலை நான்கு மணியளவில், அழுத்தத்தைத் தணிப்பதற்காகத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினர். உண்மையில் அந்த விளக்கு காட்டியது 'மூடு' என்ற மின்கட்டளை அனுப்பப்பட்டதை மட்டுமே. வால்வு அக்கட்டளைக்குப் பணிந்ததா என்பதைக் காட்டும் விளக்கு எதுவும் அங்கே இல்லை. கசிவை உணர்த்தக்கூடிய வேறு சில அளவிகள் பலகையின் பின்புறத்தில், நின்ற இடத்திலிருந்து பார்க்க முடியாதபடி வைக்கப்பட்டிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருசேர ஒலித்தும் ஒளிர்ந்தும் குவிந்தன. அவற்றை அச்சிட்டுத் தந்த கணினி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கியது. அமைப்பில் நீர் மிகுந்துவிடலாகாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருந்த காரணத்தால், உலைக்கு உயிர்போல் தேவைப்பட்ட அவசர நீரை ஊழியர்களே குறைத்தனர். ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம் கழித்து, அடுத்த பணிமுறைக்காக வந்து புதிய கண்ணோடு பலகையைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவரே கசிவை ஊகித்து, வேறொரு வால்வை அடைக்கச் செய்தார். அதற்குள் உலைக்கருவில் பாதியளவு உருகிப்போயிருந்தது.

விபத்தை ஆராய்ந்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜான் கெமெனி. பேசிக் என்னும் கணினி மொழியை உருவாக்கிய இருவருள் ஒருவரான கணிதவியலார். ஊழியர்களின் செயல்களை விபத்தின் நேரடிக் காரணமாக ஏற்றுக்கொண்ட அந்த ஆணையம், அதோடு நின்றுவிடாமல், அவர்களைத் தவறான முடிவுக்குத் தள்ளிய பயிற்சி, நடைமுறைக் குறிப்பேடுகள், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பு, நிர்வாகம் ஆகியவற்றையே முதன்மையான குறைகளாகச் சுட்டியது. பொருள்களின் வடிவமைப்பைப் பற்றிப் பின்னாளில் புகழ்பெற்ற நூலை எழுதிய டொனால்டு நார்மன், இந்த விபத்தை ஆராயப்போன பிறகே உளவியலின் கவனத்தை அன்றாடக் கருவிகளின் பக்கம் திருப்பினார். டென்மார்க்கின் ரீசோ ஆய்வுக்கூடத்தில் ஜென்ஸ் ராஸ்முசன், மனிதச் செயல்களைப் பழக்கத்தால் கைதானாகச் செய்பவை, தெரிந்த விதியைப் பொருத்திச் செய்பவை, முன்பின் அறியாத நிலையில் அடிப்படை அறிவைக்கொண்டு சிந்தித்துச் செய்பவை என மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் நிகழும் பிழையின் தன்மை வேறு என்று 1983இல் விளக்கினார். அதே ஆண்டில் லிசேன் பெயின்பிரிட்ஜ் எழுதிய ஒரு சிறு கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: எளிய வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, இயந்திரத்தால் இயலாத மிகக் கடினமான தருணத்தை மட்டும், அன்றாடப் பழக்கம் விட்டுப்போன மனிதரிடம் விட்டுவைப்பதுதான் தானியங்கி முறையின் முரண் என்பது அதன் சாரம். இவ்வாறு உருவான துறையே அறிதிறன் பொறியியல் எனப்படுகிறது.

அணு உலைகளுக்கு மட்டும் உரியதாக இந்தப் பாடம் நின்றுவிடவில்லை. 1994 ஜூலை 24 அன்று, வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் இயங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இடிமின்னலைத் தொடர்ந்து கோளாறு ஏற்பட்டது; மூடிய வால்வு ஒன்று திரையில் திறந்திருப்பதாகவே காட்டியது. கடைசிப் பதினொரு நிமிடங்களில் மட்டும் இரண்டு ஊழியர்கள் 275 எச்சரிக்கைகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. எது முதன்மையானது, எது விளைவின் விளைவு என்று பிரித்தறிய வழியில்லாத நிலையில், ஏறத்தாழ 20 டன் எரியும் தன்மையுள்ள நீர்மமும் ஆவியும் வெளியேறி வெடித்தன. 26 பேர் காயமடைந்தனர். மில்லர் சொன்ன ஏழையும், கண்முன் குவிந்த 275ஐயும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், அந்த ஊழியர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பது தெளிவாகும். இதற்குப் பின்னர் 1999இல் பிரிட்டனின் பொறியியல் பயனாளர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, இயல்பான இயக்கத்தின்போது ஓர் ஊழியருக்குப் பத்து நிமிடங்களுக்கு ஓர் எச்சரிக்கைக்கு மேல் வராமலிருப்பதே ஏற்கத்தக்கது என்று வரையறுத்தது. எச்சரிக்கைகளைப் பெருக்குவதே பாதுகாப்பைப் பெருக்குவதாகும் என்ற அதுவரையிலான நம்பிக்கையை இந்த ஒரு வரையறை தலைகீழாக்கியது.

சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு, அதாவது ஆலை வெளியேற்றும் புகை, கழிவுநீர், இரைச்சல் ஆகியவற்றைக் கண்காணித்து வரம்புக்குள் வைக்கும் அன்றாடப் பணிக்கு, இதில் வெளிப்படையான பாடம் உண்டு. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் இடைவிடாது அளக்கும் இணையவழிக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று 2014இல் உத்தரவிட்டது. அது தேவையான உத்தரவே. ஆனால் அளவுகள் நொடிக்கு நொடி வந்து குவிவதும் அவற்றை ஒருவர் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. வரம்பைத் தொட்டவுடன் குறுஞ்செய்தி அனுப்பும் அமைப்பு நாள்தோறும் பலமுறை அனுப்பினால், சில வாரங்களில் அச்செய்திகளைத் திறந்துகூடப் பார்க்காத பழக்கம் பொறுப்பாளரிடம் வேரூன்றிவிடும். இதை அலட்சியம் என்று கண்டிப்பது எளிது. மேக்வர்த்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அலட்சியக்காரர்கள் அல்லர்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குவதில் இன்னொரு நுட்பமான சிக்கல் உள்ளது. அங்கே கழிவைத் தின்று நீரைத் தூய்மையாக்குபவை நுண்ணுயிர்கள். காற்றையோ சத்தையோ கூட்டிக் குறைத்தால் அதன் விளைவு உடனே தெரியாது, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்தே தெரியும். இத்தகைய காலத் தாழ்வு மனித மனத்தை எப்படிக் குழப்புகிறது என்பதை ஜெர்மானிய உளவியலார் டீட்ரிக் டோர்னர், குளிர்சாதனக் கிடங்கு ஒன்றின் வெப்பநிலையைச் சீராக்கும் கணினிச் சோதனையின் வழியே காட்டினார். திருகியின் விளைவு சற்றுத் தாமதித்தே தெரியும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. பங்கேற்றவர்களில் பலர், மாற்றம் தெரியவில்லையே என்று மேலும் மேலும் திருகி, வெப்பநிலையை இரு பக்கமும் ஊசலாட விட்டனர். சிலர் கருவியில் ஏதோ சூது இருப்பதாகவே முடிவுகட்டினர். காத்திருந்து கவனித்தவர்களே வென்றனர். இன்றைய திருத்தம் நாளை மறுநாள் எந்த அளவைக் கொண்டுவரும் என்பதை வரைபடமாக முன்கூட்டியே காட்டும் திரை, அனுபவம் குறைந்த ஊழியருக்கும் அந்தப் பொறுமையைத் தருகிறது. பொறுமையாக இருக்குமாறு சுவரில் எழுதி ஒட்டுவதைவிட அது பயன் மிக்கது.

தவறு ஊழியரின் கவனத்தில் மட்டும் நேர்வதில்லை. தீர்ப்புச் சொல்பவரின் மனமும் சூழலுக்கு ஏற்ப வளைகிறது. குஜராத்தில் ஆலைகளின் மாசைத் தணிக்கை செய்யும் தனியார் தணிக்கையாளர்களை அந்தந்த ஆலையே தேர்ந்தெடுத்துக் கட்டணமும் கொடுத்துவந்த காலத்தில், அவர்களின் அறிக்கைகளில் நுண்துகள் அளவு பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குச் சற்றே கீழே வியப்பூட்டும் வகையில் குவிந்திருந்தது. எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியலாளர்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினர். பாதி ஆலைகளுக்குத் தணிக்கையாளர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார். கட்டணம் பொது நிதியிலிருந்து வழங்கப்பட்டது. அவர் எடுத்த அளவு மீண்டும் சரிபார்க்கப்பட்டது. அவ்வாறு மாற்றிய இடங்களில், வரம்பை மீறிய ஆலையை மீறாததாகப் பொய்யாகக் காட்டும் போக்கு 80 விழுக்காடு குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. தணிக்கையாளர்கள் அதே தொழிலைச் செய்பவர்கள்தாம், அவர்களின் நேர்மையைப் பற்றி எவரும் வகுப்பெடுக்கவில்லை. அவர்களை யார் தேர்ந்தெடுப்பது, யார் ஊதியம் தருவது, யார் சரிபார்ப்பது என்ற ஏற்பாடுதான் மாறியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மனித மனத்தின் எல்லைகளைப் பற்றிய பேச்சு, உரிமையாளரின் பொறுப்பை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. 1984 டிசம்பர் 2-3 இரவில், நச்சுவாயு கசிந்த போபால் ஆலையில், பணிமுறை மாறிய சிறிது நேரத்தில் 610ஆம் தொட்டியின் அழுத்தம் உயர்ந்ததைக் கண்ட ஊழியர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். அளவிகள் பழுதானவை என்று எல்லோரும் அறிந்திருந்த ஆலையில், கண்ணெரிச்சலைக் கொண்டே கசிவைக் கண்டுபிடிக்கும் வழக்கம் நிலவிய இடத்தில், அவர் அளவியை நம்பாதது இயல்பே. ஆனால் தொட்டியைக் குளிரூட்டும் அமைப்பை நிறுத்திவைத்ததும், வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் குழாய் இணைப்பின்றிக் கிடந்ததும் எவருடைய கவனக்குறைவாலும் நேர்ந்தவையல்ல. நிர்வாகம் தெரிந்தே விட்டுவைத்தவை. சூழலை அமைப்பவர் யார் என்று கேட்கத் தவறும் அறிதிறன் ஆய்வு பாதி ஆய்வே.

ஆலையிலிருந்து முதுமைக்குச் செல்லும் பாதை ஆலைக்குள்ளேயே தொடங்குகிறது. ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள டிங்கோல்ஃபிங் ஊரில் பி.எம்.டபிள்யூ நிறுவனம், பத்தாண்டுகளுக்குப் பின் தன் தொழிலாளர்களின் சராசரி வயது 47ஆக உயரும் என்று கணித்து, 2007இல் அதே சராசரி வயதுள்ள 42 பேரை ஓர் உற்பத்தி வரிசையில் அமர்த்தியது. மற்ற தொழிலாளர்கள் அதை 'ஓய்வூதியர் வரிசை' என்று கேலி செய்தனர். என்ன மாற்றம் தேவை என்பதை அந்தத் தொழிலாளர்களே சொன்னார்கள்: கான்கிரீட் தரைக்குப் பதில் மரத்தளம், நின்றும் அமர்ந்தும் வேலை செய்ய ஏற்ற இருக்கை, நுண்ணிய பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து, ஒரே அசைவு உடலை வருத்தாதபடி வேலையை மாற்றி மாற்றிச் செய்யும் முறை எனச் சிறிதும் பெரிதுமாக 70 மாற்றங்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்து, இளைஞர்களின் வரிசைக்கு ஈடாயிற்று. அந்தத் தொழிலாளர்கள் எவரும் இளமைக்குத் திரும்பிவிடவில்லை.

வயதேற மனம் எல்லா வகையிலும் ஒருசேரத் தேய்கிறது என்ற எண்ணமும் சரியன்று. புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் ஆற்றல் இளமையிலேயே உச்சத்தை எட்டிப் பின் மெல்ல இறங்குகிறது. சொல்வளமும் உலகியல் அறிவும் முதுமை வரை நிலைக்கின்றன, சிலரிடம் வளர்கின்றன. முன்னதைப் பாயும் அறிவு என்றும் பின்னதைப் படிந்த அறிவு என்றும் ரேமண்ட் கேட்டல் பிரித்தார். ஒன்று குறையும்போது மற்றொன்று எவ்வாறு ஈடுசெய்கிறது என்பதற்குத் திமோத்தி சால்ட்ஹவுஸ் 1984இல் தட்டச்சர்களிடம் நடத்திய ஆய்வு அழகான சான்று. 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்த அவர், தனித்தனி விசைகளை அழுத்தும் விரைவில் முதியவர்கள் பின்தங்கியிருந்தும், முழுப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும் வேகத்தில் பின்தங்காததைக் கண்டார். அடுத்து வரவிருக்கும் எழுத்துகளைத் திரையில் மறைத்துப் பார்த்தபோது காரணம் வெளிப்பட்டது: முதியவர்கள் இளையவர்களைவிடத் தொலைவாக முன்னே படித்துக்கொண்டே தட்டினர். ஆனால் அந்த உத்தி, முன்னே பார்க்க வழியுள்ள இடத்தில் மட்டுமே பலிக்கும். ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும் வங்கி இயந்திரத்தின் திரையிலும், சில நொடிகளில் காலாவதியாகும் ஒருமுறைக் கடவுச்சொல்லிலும் அதற்கு இடமில்லை.

இந்தத் தொடர்பைக் கோட்பாடாக்கியவர் அமெரிக்க முதுமையியலார் பவல் லாட்டன். சூழல் மனிதரிடம் எதிர்பார்ப்பதும் மனிதரின் திறனும் எந்த அளவு பொருந்துகின்றனவோ அந்த அளவே அவருடைய வாழ்க்கை சீராக இருக்கும் என்றும், திறன் குறையக் குறையச் சூழலின் பிடி அவர்மேல் இறுகுகிறது என்றும், லூசில் நாஹிமோவுடன் சேர்ந்து 1973இல் அவர் விளக்கினார். சூழல் மிகக் கடினமானால் முதியவர் தடுமாறுவார். எல்லாவற்றையும் பிறரே செய்துகொடுக்கும் அளவுக்கு எளிதானால் இருக்கும் திறனும் பயன்பாடின்றிக் குன்றும். அன்பின் மிகுதியால் தாயை அடுக்களைப் பக்கமே வரவிடாத பிள்ளைகளும், தனியே மாடிப்படி ஏறி இறங்கும்படி விட்டுவிட்ட பிள்ளைகளும் ஒரே தவற்றின் இரு முனைகளில் நிற்கின்றனர் என்று இக்கோட்பாட்டின்படி சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் நலமான முதுமையை வரையறுத்தபோது நோயின்மையை அளவுகோலாக்கவில்லை. ஒருவர் தாம் மதிப்பதைச் செய்வதற்கான செயல்திறனை வளர்த்துக் காப்பதே நலமான முதுமை என்றும், அத்திறன் உடல்மன ஆற்றலோடு சூழலும் சேர்ந்து உண்டாவது என்றும் கூறியது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டு இந்த நோக்கத்துக்காகவே அறிவிக்கப்பட்டது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், சந்தை முதியவருக்கு விற்பது மூளைப் பயிற்சி விளையாட்டுகளை. அவற்றைப் பற்றிய உண்மை கலவையானது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2,832 பேரிடம் நடத்தப்பட்ட ஆக்டிவ் என்னும் பெரிய சோதனையில், தர்க்கப் பயிற்சியும் விரைவுப் பயிற்சியும் பெற்றவர்கள் பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்தந்தத் திறனில் முன்னிலையில் இருந்தனர்; நினைவுப் பயிற்சியின் பலனோ அத்தனை காலம் நிலைக்கவில்லை. பயின்ற திறன் பயிலாத திறனுக்குப் பரவுவது அரிது. முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக, லுமோசிட்டி என்னும் செயலியின் உரிமையாளர்கள் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டனர். இதற்கு மாறாக, ஃபின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் ஈராண்டு நடந்து 2015இல் வெளியான ஃபிங்கர் ஆய்வு, சத்தான உணவு, உடற்பயிற்சி, அறிதிறன் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்காணித்தல் ஆகியவற்றை ஒருங்கே அளித்து, பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அவற்றைப் பெற்றவர்களின் அறிதிறன் மதிப்பெண் மேம்பட்டதைக் காட்டியது. அங்கே உணவு ஆலோசகரும் பயிற்சியாளரும் செவிலியரும் கூடிப் பயிலும் குழுவுமாக ஓர் ஏற்பாடே முதியவரைச் சுற்றி அமைந்தது. தொலைபேசியில் தனியே ஆடும் ஆட்டத்தோடு அதை ஒப்பிட முடியாது.

நினைவு ஏற்கெனவே பெரிதும் சிதைந்துவிட்டவர்களுக்கும் இதே நெறி பொருந்துகிறது. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவைக், மறதி நோய் முற்றியவர்களுக்கான ஒரு குடியிருப்பு. மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரங்களுக்குப் பதில் ஆறேழு பேர் சேர்ந்து வாழும் வீடுகள், தெரு, கடை, உணவகம், தோட்டம் என ஓர் ஊராகவே அது கட்டப்பட்டது. வெளி வாயில் ஒன்று மட்டுமே காவலுக்குட்பட்டது. உள்ளே அவர்கள் விருப்பம்போல் நடக்கலாம், வழி தவறினாலும் பாதை வீட்டுப் பக்கமே திரும்பும். பணம் மிகுந்த நாட்டின் ஏற்பாடு அது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தனி நிறம் பூசுவதற்கும், மாத்திரைகளைக் கிழமை எழுதிய பெட்டியில் பிரித்துவைப்பதற்கும், அறைக்கலன்களை அடிக்கடி இடம் மாற்றாமலிருப்பதற்கும் பணம் பெரிதாகத் தேவையில்லை. சொற்களும் சூழலின் பகுதியே: 'வயசாயிட்டா மறதி வரத்தானே செய்யும்' என்று வீட்டிலுள்ளோர் சொல்லிச் சொல்லி, கேட்கும் குறைபாட்டையும் மனச்சோர்வையும்கூட மறதிக் கணக்கில் எழுதிவிடுவது பரவலாக நடக்கிறது.

ஆலைச் சூழல், முதுமை ஆகிய இவ்விரு துறைகளும் உவமையளவில் மட்டுமல்லாமல், உடலளவிலும் சந்திக்கின்றன. மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், காற்று மாசை அந்நோய்க்கான ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக 2020இல் சேர்த்தது. அமெரிக்காவில் 74 முதல் 92 வயது வரையிலான பெண்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், தாங்கள் வசித்த பகுதியின் காற்று பத்தாண்டுகளில் கூடுதலாகத் தூய்மையடைந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. ஈயத்தின் கதை இன்னும் நீண்டது. உடலில் புகுந்த ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, மெல்ல மெல்ல இரத்தத்தில் கலப்பது. ஈயம் கையாளும் ஆலைகளில் பணியாற்றியவர்களிடம், வேலையை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அறிதிறன் சரிவு தொடர்ந்ததை ஆய்வுகள் கண்டுள்ளன. இந்தியா ஈயம் கலந்த பெட்ரோலை 2000இல் கைவிட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. ஆகவே புகைபோக்கியின் உச்சியில் பொருத்தப்பட்ட வடிகட்டி ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்ப்பவர், தம்மை அறியாமலேயே முதியோர் நலப் பணியும் செய்துகொண்டிருக்கிறார்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர் என்று தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. லான்செட் ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளை நீக்க முடிந்தால் உலகில் இந்நோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. அவற்றுள் முன்னிலையில் நிற்பவற்றுள் ஒன்று நடுவயதில் நேரும் செவித்திறன் இழப்பு. காது மங்கியவர், கேட்பதைப் புரிந்துகொள்வதற்கே தம் கவனத்தைச் செலவிட்டுவிட்டு நினைவில் நிறுத்த மிச்சமின்றித் தவிக்கிறார். உரையாடலைத் தவிர்த்து ஒதுங்கவும் செய்கிறார். 2023இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் செவிக்கருவியும் ஆலோசனையும் அளித்தபோது, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஆனால் இதய நோய் முதலிய ஆபத்துகள் மிகுந்திருந்த பிரிவினரிடம் மூன்றாண்டுகளில் அறிதிறன் சரிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செவிக்கருவி அணிவதை முதுமையின் இழிவாகக் கருதும் மனப்பான்மையைக் கைவிட இதுவே போதுமான காரணம்.

அந்தச் செவியை நடுவயதிலேயே கெடுப்பவற்றுள் ஆலை இரைச்சல் முக்கியமானது. இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபெல் வரை அனுமதிக்கின்றன. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85 மட்டுமே. மூன்று டெசிபெல் கூடினாலே ஒலியாற்றல் இரட்டிப்பாகும் என்பதால், இந்த ஐந்து டெசிபெல் வேறுபாடு காகிதத்தில் தோன்றுவதைவிடப் பன்மடங்கு பெரியது. விசைத்தறிக் கூடத்திலோ அச்சுக்கூடத்திலோ உலோகப் பட்டறையிலோ வேலை செய்வோர், காதில் குறையேதும் தோன்றாவிட்டாலும், ஆண்டுக்கொரு முறை செவித்திறன் சோதனை செய்துகொண்டு அதன் பதிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆலையின் இரைச்சல் அளவைக் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்க்கவும் அவர்கள் கேட்க வேண்டும்.